மெருகுச் சக்கரம்

மரச் சாமானுக்கு மெருகு போட இயந்திரம் வாங்குவதென்றால், நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்க வேண்டும், ஐயா. நானும் அப்படித்தான் செய்தேன். சார்ச்சி ஊரில் எங்கள் பட்டறையில் நானும் தம்பி ஓல்கெரும் கடைசல் பிடித்ததையெல்லாம் அதுவரை துணியால் கையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தோம்.

சான் ஹோசே நகரத்தில் ஒரு கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, கடைசல் இயந்திரத்திலேயே மாட்டும் துணிச் சக்கரம், மெதுவாகச் சுற்றும். மற்றது தனி மோட்டாரில் சுற்றுவது, வேகம் அதிகம்.

"மோட்டார் சின்னச் சாமானுக்கு மட்டுந்தான்," என்றார். "அகலக் கிண்ணத்தக் கொண்டுபோனீங்கன்னா விளிம்பக் கவ்வி, கையிலேர்ந்து புடுங்கி மூஞ்சியிலயே அடிச்சிரும்."

நல்ல மனிதர். இரண்டு தடவை சொன்னார். நான் மோட்டாரை வாங்கினேன்.

நான் கடைவது பேனாவும் உப்புக் குப்பியும். அகலக் கிண்ணம் ஓல்கெருக்குத்தான் வரும். வருகிறவர்கள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும், பாவம் என்று ஒரு பேனா வாங்குவார்கள். அதைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது எனக்குக் காது சுடும். சொல்லவே கூசுகிறது. இவ்வளவுதான் காரணம்.

"அண்ணே, இது கிண்ணத்துக்கு ஒத்து வருமா?"

"அதுக்குன்னே செஞ்சதுடா. கடைக்காரரே சொன்னாரு."

"சத்தம் அண்ணி மாதிரியில்ல இருக்கு. தள்ளியே நிக்கிறேன்," என்று சிரித்தான்.

கிண்ணம் உடையும், அவ்வளவுதான் என்று நினைத்ததாகப் போன வாரம் உங்களிடம் சொன்னேன். அது பொய். ஆணியில் தொங்கிய, வேலை செய்யும்போது அடிபடாமல் மாட்டிக்கொள்கிற முகக் கவசத்தை அன்று காலை கழற்றி, வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தது நான்தான். அவன் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் காபி போடப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன்.

கன்ன எலும்பு நொறுங்கிவிட்டது. வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"நாந்தாண்ணே சரியாப் பிடிக்கல. நீ பாத்துப் பாத்து வாங்கினது, மொத நாளே கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காத."

தலை நிமிர்ந்து அவனைப் பார்க்க முடியவில்லை. போர்வையைச் சரிசெய்தேன்.

"பரவால்லடா, விடு," என்றேன். மனதார மன்னித்துவிட்டேன், ஐயா.