மிச்சம் ஒரு போல்ட்

இந்த நாற்காலி நல்லா இருக்கு டாக்டர். முதுகுக்கு இதமா இருக்கு. எங்க வீட்டுல இப்படி ஒண்ணுகூட இல்ல. எங்க வீட்டுக்காரர் நாற்காலி வாங்கப் போனா நாலு காலும் சமமா இருக்கா, திருகு எல்லாம் சரியா இருக்கானுதான் பார்ப்பாரு. உக்காந்து பார்க்க மாட்டாரு.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். அவரை வெளியில உக்கார வச்சிட்டு, "வீட்டுல இவர் எதை எதை மறக்குறாரு?"னு கேட்டீங்க. உங்க பரீட்சையில எல்லாத்துலயும் பாஸாயிட்டாருனும் சொன்னீங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சாராம். கடிகாரம் வரையச் சொன்னா வரைஞ்சுட்டு, உங்க சுவத்துக் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுதுனு சொன்னாராம். அப்படிப்பட்ட மனுஷருக்கு, அஞ்சு தடவை கார் இன்ஜினை மாட்டியும் அஞ்சு தடவையும் ஒரு போல்ட் ஏன் மிச்சம் வருதுனு உங்களுக்குப் புரியல. அது உங்களுக்குப் புரியாதுதான். முதல்லேர்ந்து சொல்றேன்.

அவர் ஒரு பம்பு ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷம் தரம் பார்க்கிற வேலையில இருந்தாரு. பம்பு ஓடுதா இல்லையானு பார்க்கிறது பக்கத்து மேஜைக்காரர் வேலை. பட்டியல்ல எத்தனை உருப்படி இருக்கோ அத்தனையும் உள்ளே போயிருக்கானு எண்ணுறது இவர் வேலை. ஒரே ஒரு வாஷர் மேஜையில மிஞ்சினாலும் மொத்த பம்பையும் பிரிக்கச் சொல்லிடுவாரு. "பிரிச்சுப்போடு"னுதான் அங்கே பட்டப்பேரு. அவருக்கும் தெரியும், உள்ளூர ஒரு பெருமைதான்.

ரிட்டயர் ஆன மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு சமையலறை வாசல்ல வந்து நின்னாரு. கையில நோட்டு. நான் ஏதோ குடிக்கத் தண்ணி கேக்குறாருனு நினைச்சேன்.

குறை சொல்ல மாட்டாரு டாக்டர், அதையும் சொல்லிடணும். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. "இது குறை இல்ல, ஒரு கருத்து"னுதான் ஆரம்பிப்பாரு. வெங்காயப் பைக்கு வந்த தேதி எழுதி ஒட்டினாரு. டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டாரு. நான் பாத்திரம் கழுவுறப்போ பின்னாடி நின்னு, ஒரு தட்டுக்கு எத்தனை வினாடினு பார்த்தாரு. சராசரி நல்லா இருக்காம், ஆனா தட்டுக்குத் தட்டு மாறுதாம். முப்பது வருஷமா நான் கட்டி ஆண்ட வீடு அது. ஏழே மாசத்துல எனக்கு என் சமையலறைக்குள்ள போகவே கூச்சமாயிடுச்சு.

அப்பதான் கார் படுத்துச்சு. இருபத்தாறு வருஷத்துப் பழைய கார். ரெண்டு பேரும் அவர் சிநேகிதர் வீட்டுக்குப் போயிட்டிருந்தோம். சூடு காட்டுற முள்ளு மெதுவா ஏறிச் சிவப்புக் கோட்டுக்குப் போச்சு. நான் பார்த்தேன். அவர் கவனிக்கல, காய் நறுக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சுக்கிட்டா எவ்வளவு நேரம் மிச்சமாகும்னு சொல்லிட்டிருந்தாரு. பேசுறப்போ குறுக்கே பேசினா அவருக்குப் பிடிக்காது. அதனால நான் பேசல.

பின்னாடி வெள்ளைப் புகை கிளம்பினப்பதான் நிறுத்தினாரு. மெக்கானிக் வந்து எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினாரு, பால் ஊத்தின காப்பி மாதிரி இருந்துச்சு. இன்ஜினோட மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல ஒரு தகடு இருக்காமே, ஹெட் கேஸ்கட்டுனு. அது வெந்து போய், தண்ணியும் எண்ணெயும் கலந்துடுச்சாம். "ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேன் சார்"னாரு மெக்கானிக். இவர் அவரை ஏற இறங்கப் பார்த்தாரு. "வேணாம். நானே பண்றேன்."

கார் ஷெட்டுல மேஜை போட்டாரு. கழட்டின ஒவ்வொரு போல்ட்டுக்கும் முட்டை அட்டையில ஒரு குழி, குழிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு நோட்டுல ஒரு வரி. மொத்தம் நூத்தி எண்பத்தி நாலு உருப்படி. ஒன்பது மணிக்கு ஷெட்டுக்குள்ள போனா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வெளியில வருவாரு, ஃபேக்டரி மாதிரியே.

முதல் தடவை மாட்டி முடிக்கிற வரைக்கும் ஓடின அந்த அஞ்சு வாரத்தை எப்படிச் சொல்றதுனு தெரியல டாக்டர். சந்தோஷமா இருந்தேன், வேற என்ன சொல்ல. டீயைச் சூடா இருக்கிறப்பவே குடிச்சேன். பதினோரு மணிக்கு சோபாவுல காலை நீட்டிப் படுத்தேன். டப்பா நம்பரையெல்லாம் கண்டபடி மாத்தி வச்சேன், சும்மா, ஒரு ஆசைக்கு. அவருக்கும் நல்லதுதான். தொப்பை குறைஞ்சுச்சு. சர்க்கரை குறைஞ்சுச்சு, ரிப்போர்ட் அந்த ஃபைல்லயே இருக்கும், மூணாவது பக்கம்.

முதல் போல்ட் சத்தியமா என் தப்பு இல்ல. சாப்பாட்டு மேஜைக்கு அடியில கூட்டுறப்போ கிடைச்சுது. அவரோடதுதான்னு நினைச்சு, நல்ல மனசோடதான் கொண்டு போய் அட்டையில வச்சேன். அன்னிக்கு மத்தியானம் வேலை முடிஞ்சுது. மேல் பாதியை லேத்துல குடுத்துச் சமமாத் தேய்ச்சு, புதுத் தகடு போட்டு, பத்து பெரிய போல்ட்டையும் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு மூணு சுத்தா அளவு பார்த்து முறுக்கியிருந்தாரு. சாவியைத் திருப்பினதும் பிடிச்சுக்கிச்சு. பூனைக்குட்டி தூங்குற மாதிரி ஒரு சத்தம். சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு. அப்புறம் அட்டையைப் பார்த்தாரு.

இன்ஜினை அணைச்சாரு. போல்ட்டை விரல்ல எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது உள்ளே இருக்க வேண்டியது"னாரு. நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அது எங்க சாப்பாட்டு மேஜைக் கால்லேர்ந்து விழுந்தது, மேஜை ரெண்டு நாளா ஆடிட்டிருந்துச்சு. ஆனா அவர் அதுக்குள்ள ஸ்பேனரை எடுத்துட்டாரு. முகத்துல அவ்வளவு தெளிவு. ஒரு மனுஷர் வேலைக்குத் திரும்பிப் போறப்போ எதுக்குத் தடுக்கணும்னு விட்டுட்டேன். ஆடுற மேஜைக் காலுக்கு அடியில ஒரு காகித அட்டையை மடிச்சு வச்சுக்கிட்டேன்.

ரெண்டாவதை நான் கடையில வாங்கினேன். "ஒரே ஒரு போல்ட்டாம்மா? நட்டு வேணாமா?"னு கேட்டாரு கடைக்காரர். நட்டு இருந்தா சந்தேகம் வந்துடும். வேணாம்னேன்.

மூணாவது தடவை மெக்கானிக் வந்திருந்தாரு. ஓடுற இன்ஜின் மேல காதை வச்சுக் கேட்டுட்டு, "சார், ஜம்முனு ஓடுது. அந்த போல்ட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு வண்டியை எடுங்க"னாரு.

"வண்டி ஓடுதுங்கிறது உங்க அபிப்பிராயம். போல்ட் மிச்சம்ங்கிறது உண்மை"னாரு இவர்.

மெக்கானிக் என்னைப் பரிதாபமாப் பார்த்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். திரும்பக் கழட்டினா அந்தத் தகடு உதவாது, ஒவ்வொரு தடவையும் புதுசுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில "சார் மொத்தம் எத்தனை கார் வச்சிருக்கீங்க?"னு கேட்டாங்களாம்.

அதுவரைக்கும் அவர் தன்னைச் சந்தேகப்படல. கார் கம்பெனிக்காரனை, லேத்துக்காரனை, முன்னாடி எப்பவோ வேலை பார்த்தவனை எல்லாம் திட்டினாரு. நாலாவது தடவை ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டாரு. அட்டைகிட்ட யாரும் போக முடியாது. எனக்கும் வேற வழி இல்லாமப் போச்சு. துணி மடிக்கிறப்போ அவர் வேலைச் சட்டைப் பையில போட்டு வச்சேன்.

வேலையை முடிச்சுட்டு மூக்குக் கண்ணாடி எடுக்கப் பைக்குள்ள கையை விட்டாரு. அப்படியே படியில உக்காந்துட்டாரு. "என் பையிலயே இருக்கும்மா. நான்தான் எடுத்துப் போட்டிருக்கேன். போட்டது ஞாபகமே இல்ல." வயசானா அப்படித்தாங்க, எல்லாருக்கும் வர்றதுதான்னு தட்டிக் குடுத்தேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. மத்தியானம் சாப்பிடுற வரைக்கும் இருந்துச்சு.

எங்க பொண்ணு போன்ல அழுதா. "அம்மா, அப்பாவைத் தனியா விடாதே"னா. தனியா விட்டாத்தாண்டி அவர் நல்லா இருக்காருனு சொன்னேன். அதுல ஒரு பொய்யும் இல்ல.

அஞ்சாவதைச் சொல்லிடறேன். நீங்க எழுதுறதை நிறுத்திட்டீங்க, பரவாயில்ல.

அஞ்சாவது தடவை என்னை ஷெட்டுக்குள்ள கூப்பிட்டாரு. ரெண்டாவது நாற்காலி போட்டு வச்சிருந்தாரு. "எனக்கு என் மேல நம்பிக்கை போயிடுச்சு. உன் மேல இருக்கு. நீ எண்ணு"னாரு. பதினோரு நாள் பக்கத்துல உக்காந்து எண்ணினேன். அவர் மாட்டுவாரு, நான் நம்பரைச் சொல்லி நோட்டுல டிக் போடுவேன். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கல்யாணத்துல போட்டதுக்கு அப்புறம் நாங்க சேர்ந்து அத்தனை கையெழுத்துப் போட்டது அப்பதான். வால்வுக்கு இடைவெளி பார்க்கிற மெல்லிசுத் தகட்டை எப்படி நுழைக்கிறதுனு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. நல்லா வருது உனக்குனாரு. கருத்து எதுவும் சொல்லல.

நூத்தி எண்பத்தி நாலாவதுக்கு டிக் போட்டேன். அவர் சாவி எடுக்கத் திரும்பினாரு. என் கையில இருந்ததை எட்டாவது குழியில வச்சேன்.

ஏன்னு கேக்குறீங்க. கார் ஓடிட்டா நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அவர் எங்கே நிப்பாரு டாக்டர்? அதை நினைச்சேன், கை தானா வச்சிடுச்சு.

அவர் திரும்பிப் பார்த்தாரு. என்மேல ஒரு துளி சந்தேகம் இல்ல. நோட்டை மூடிட்டு, "நீ எண்ணினது சரியாத்தான் இருக்கும். நான் எண்ணாம எங்கேயோ கழட்டியிருக்கேன். போதும், டாக்டரைப் பார்ப்போம்"னாரு. கார் சாவியை என் உள்ளங்கையில வச்சு மூடினாரு. "இனிமே நான் ஓட்டக் கூடாது"னாரு. வீட்டுப் பத்திரத்துல எங்கேயாவது கையெழுத்துப் போடணும்னா இப்பவே போட்டுடறேன், புத்தி நல்லா இருக்கிறப்பவேனாரு. உங்ககிட்ட அப்பாயிண்ட்மெண்ட் வாங்கினதும் அவர்தான். உங்க மேஜையில அவர் கொண்டு வந்து வச்ச அஞ்சு கவர் இருக்கே, அஞ்சுலயும் இருக்கிறது நான் வச்ச போல்ட்தான். அவருக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு ஊசிமுனை அளவுகூட இல்ல.

மனசுல இருந்ததைச் சொல்லிட்டேன். இப்ப லேசா இருக்கு.

கதவைத் திறக்காதீங்க டாக்டர், ஒரு நிமிஷம். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல"னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா, அப்ப அந்த போல்ட் எங்கேர்ந்து வந்துச்சுனு ஆரம்பிச்சிடுவாரு. கண்டுபிடிக்காம விட மாட்டாரு. கண்டுபிடிச்சா நொறுங்கிப் போயிடுவாரு, என்னை அவ்வளவு நம்புறாரு மனுஷர். அந்த வேதனையை அவருக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. இன்ஜின் வேலையை விடாமப் பண்ணுங்க, மூளைக்கு நல்லதுனு எழுதுங்க. லேசா மறதி ஆரம்பிச்சிருக்குனு சொல்லுங்க, அதைத் தாங்கிக்குவாரு. நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்குவேன்.