தங்கத் தெருவும் லயத்துக் காம்பராவும்

றக்வான பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் ஜெபக் கூட்டத்திலிருந்து திரும்புகிறாள் போலும், மடியில் பைபிள்.

"பரலோகத்துல தெருவெல்லாம் தங்கமாம், அக்கா."

"யாரு கூட்டுறதாம்?"

"கேலி பண்ணாதீங்க. அங்க ராத்திரியே கெடையாதாம்."

"ஐயோ, அப்ப வேலை எத்தன மணிக்குடி விடுவாங்க?"

"வேலையே இல்லையாம். ஆளுக்கொரு மாளிகை குடுப்பாங்களாம்."

அக்காவின் சிரிப்பு நின்றது. வளைவில் பஸ் சாய, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி முதுகு வலின்னு வேலைய விட்டா. அடுத்த மாசமே தோட்டத்துல குடியிருக்கக் குடுத்த லயத்துக் காம்பராவ விட்டு எழுப்பிட்டாங்க. வேலை செய்யாதவளுக்கு எவன்டி மாளிகை குடுப்பான்? அதெல்லாம் தொரைமாருக்கு. நம்மளக் கூப்பிடுறது அந்தத் தெருவக் கூட்டத்தான்."