பிளெக்ஸில் ஒரு ஹெல்மெட்

மாட்டுத்தாவணியிலிருந்து சோழவந்தான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள் செல்போனில் ஒரு கல்யாண பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பங்காளி, எல்லாருக்கும் மூஞ்சி இருக்கு. எனக்கு மட்டும் ஹெல்மெட் இருக்கு."

"நீ போட்டோ அனுப்பலையா?"

"கேட்டாய்ங்க. நான்தான் அனுப்பல. ஆன்லைன் கேம் ஃபைனல்ல என்னாலதான எங்க டீமு தோத்துச்சு, எப்படியும் டீம விட்டுத் தூக்கிருவாய்ங்கன்னு இருந்தேன். கேம்ல நான் போடுற ஹெல்மெட்ட எடுத்து ஒட்டிட்டாய்ங்க."

"அப்படி என்னத்தடா செஞ்ச?"

"எங்க டீம் ஆளு மேலயே குண்டு போட்டுட்டேன்."

"யாரு மேல?"

"கல்யாண மாப்பிள்ளை மேலதான்."

"அவர நேர்ல பாத்திருக்கியா?"

"யாரையுமே பாத்ததில்ல. ரெண்டு வருசமா ஹெட்போன்ல பேசுறதோட சரி."

"அப்ப உன்னைய எப்படி அடையாளம் தெரியும்?"

கல்யாண மண்டபம் வந்தது. வாசலில் ஒரே மாதிரி ரோஸ் சட்டை போட்ட மூன்று பேர், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எடுத்துறாதீங்க, எறங்கணும்!" என்று டிரைவரைப் பார்த்து ஹெல்மெட்காரன் கத்தினான்.

அந்தக் குரலுக்கு மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"குண்டு போட்டவன் வந்துட்டான்டா," என்றான் ஒருவன். கையிலிருந்த நாலாவது ரோஸ் சட்டையை உதறி விரித்தான்.