சராசரியில் சேராத வேம்பு

வேப்பமரத்தின் உயரத்தை அளக்க அதில் ஏற வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு குச்சியும் வெயிலும் போதும். குச்சியின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்தால் கணக்கு தானாக வந்துவிடும். நம் திருச்சுழிப் பக்கம் வெயிலுக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது? நான் இன்று இந்த ஸ்டேஷன் படியேறியதும் ஒரு மரத்தின் உயரத்தைப் பற்றிப் பேசத்தான். நடுவில் சங்கையா என்று ஒருவர் வருவார். அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியுமா என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை.

என் பெயர் ராஜகுரு. அருப்புக்கோட்டையில் அப்பாவுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. கடையில் உட்காராமல் மண்ணைப் படிக்கப் போகிறேன் என்றதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மண்ணப் படிக்க என்னலே இருக்கு? தோண்டுனா குழி, மூடுனா மேடு. அம்புட்டுத்தான்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெளியூர் விவசாயக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து மண்ணும் காடும் படித்தேன். மேல்படிப்புக்கு ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். உவர் பூத்துப் புல்கூட முளைக்காத புறம்போக்கில் வேப்பமரம் வளர்க்க முடியுமா என்பது என் கேள்வி. எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே உப்போடைப்பட்டியில் அப்படி ஒரு நிலம் கிடைத்தது. அறுபத்தெட்டாம் வருஷம். என் பேராசிரியர் நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். மூன்று வருஷம் கன்றுகள் உயிரோடு நின்றால் பட்டம், பட்டுப்போனால் புண்ணாக்குக் கடை என்று சொல்லி அனுப்பினார். நான் கன்று நட்ட அன்றைக்கே பயந்துவிட்டேன்.

பயந்தது சரிதான். முள்வேலி போட்டேன், ஊரில் அதை அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டு போனார்கள். 'ஆராய்ச்சி நிலம், அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று பலகை எழுதி வைத்தேன். அதை ஆடு மேய்க்கும் சங்கையா கழற்றிக்கொண்டு போய்த் தன் கோழிக்கூட்டுக்குக் கதவாக மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் கூட்டுக்குள் கீரிப்பிள்ளை வரவில்லை. எழுதியதற்கு அங்கேயாவது மரியாதை இருந்தது.

பிறகுதான் அந்தக் கல். மழையில் மேல்மண் எவ்வளவு கரைந்து போகிறது என்று பார்க்க, கன்றுகளுக்கு நடுவில் ஒரு கல்லை நட்டு அதில் சிவப்புப் பெயின்ட்டால் மூன்று கோடு போட்டிருந்தேன். எங்கள் படிப்பில் இது சாதாரணம். மறுநாள் போய்ப் பார்த்தால் கல்லுக்கு மஞ்சள் பூசி ஆவாரம்பூ வைத்திருந்தது. சங்கையாவின் மனைவி கருத்தம்மாள் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன சாமி தம்பி?"

"மண்ணு அரிச்சுப் போகாம பாக்குறதுக்கு வச்சிருக்கேன் அக்கா."

"அப்ப காவக்கார சாமி. கன்னுகள எல்லாம் இவுகதான் பாத்துக்கிறாகளா?"

நான் மறுக்கவில்லை. ஒன்றை உறுதியாக மறுக்க ஆதாரம் வேண்டும். என்னிடம் ஆதாரம் இல்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து யாரும் ஒரு கன்றின் இலையைக்கூடக் கிள்ளவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் மண்ணியல்தான் ஐயா. செருப்புக் காலால் மிதித்தால் மண் இறுகும், வேர் மூச்சுவிடாது. அதனால் அங்கே செருப்பு ஆகாது என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நின்றால் ஒரு கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். காய்ச்சல் எப்படியும் இரண்டொரு நாளில் இறங்கும், கன்றுக்கும் தண்ணீர் ஆயிற்று. எருவும் கொண்டுவந்து கொட்டினார்கள். தொழு உரம் போதாது, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் சாமிக்குப் பிடிக்கும் என்றேன். ரெட்டியபட்டி உரக்கடையில் மூட்டை வாங்கி, மேளம் கொட்டிக்கொண்டு தலையில் சுமந்து வந்தார்கள்.

இரண்டாவது வருஷம் மழை பொய்த்தது. ஊருணி வற்றி, பெண்கள் பக்கத்து ஊருக்கு நடந்து போய்த் தண்ணீர் எடுத்தார்கள். ஊரே குளிப்பதை நிறுத்தியது, கன்றுக்கு ஊற்றுவதை நிறுத்தவில்லை. சாகக்கிடந்த மொக்கையன் என்ற பெரியவர் தன் வாயில் ஊற்ற வைத்திருந்த சொம்பைச் சாமி கன்றுக்கு ஊற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அந்தக் கன்று துளிர்விட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு சொம்பில் எந்தக் கன்றும் துளிர்க்காது. அதை நான் அப்போதே அவர் மகனிடம் தெளிவாகச் சொன்னேன். குடம் கணக்கில் ஊற்ற வேண்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கற்பனை கலந்தது, ஒத்துக்கொள்கிறேன். உச்சிவெயிலில் மண்ணின் சூட்டை அளக்க வேண்டும். நான் தெர்மாமீட்டரை மண்ணில் குத்தினால் போதும், சாமிக்குக் காய்ச்சலா என்று கேட்டு ஊரே சுற்றி நின்றுவிடும். ஆகவே செவ்வாய்க்கிழமை உச்சிவேளை சாமி வேட்டையாடும் நேரம், உள்ளே வந்தவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு அளவுகள் மிகச் சுத்தமாக வந்தன.

ஆடுதான் மிச்சம் இருந்த பிரச்சனை. ஆடு கன்றைத் தின்கிறது. சாமி ஆட்டைத் தின்றால் தீர்ந்தது. நான் கருத்தம்மாளிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், பங்குனிப் பொங்கலுக்குள் ஊரில் பாதி ஆடு கிடாவெட்டில் போய்விட்டது. மிச்சம் இருந்தவை சங்கையாவின் ஆடுகள். அவர் ஒருவர்தான் கல்லைக் கும்பிடவில்லை. ஒருநாள் வண்டிப்பாதையில் என்னை நிறுத்தினார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

"தம்பி, பெயின்ட்டு டப்பாவ எங் கொல்லைப் பக்கந்தான போட்டுட்டுப் போனீக? அதுலதான் கோழிக்குத் தண்ணி வைக்கிறேன். சாமி பாதி உங்க கல்லுல இருக்கு, பாதி எங் கோழி வயித்துல இருக்கு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீக. எங் கருத்தம்மாளுக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவா, பாவம். ஆனா தம்பி, ஆடு வயிறு ஒட்டிக் கெடக்கு. ஊரு ஒலகத்துல பச்சைன்னா ஒங்க எடத்துல மட்டுந்தான் இருக்கு. எனக்கு இருக்கறதே அதுகதான். செவ்வாக்கெழமை மத்தியானம் ஒரு தடவ ஓட்டிட்டு வந்து ஓட்டிட்டுப் போயிர்றேன். ஒரு காக்கா குருவிக்குத் தெரியாது."

நியாயமான மனிதர். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தேர்வாளர்கள் வர ஒரு மாதம்தான் இருந்தது. வேண்டாம் அண்ணே என்றேன். சரி தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன், அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மண்ணின் அடுக்குகளைப் பார்க்க ஆளிறங்கும் ஆழத்துக்குக் குழி வெட்டுவோம் ஐயா. மேலே ஒரு நிறம், கீழே போகப்போக வேறு வேறு நிறம், சுண்ணாம்புக் கல், உப்புப் படிவு. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குழிக்குள் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். மேலே சலசலவென்று சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தால் வரிசை முழுக்க ஆடுகள், பின்னங்காலில் எழும்பி நின்று என் மூன்று வருஷத்தைத் தின்றுகொண்டிருந்தன. சங்கையா என்னைப் பார்த்துவிட்டார்.

"அடடே, உள்ளயா இருக்கீக? ரெண்டே வாயி தம்பி, இந்தா கெளம்பிட்டேன்" என்று சொல்லி, நான் மேலே ஏறுவதற்குக் கை கொடுத்தார்.

அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினேன். மண் துளைக்கும் இரும்புக் கம்பி என் மறு கையில் இருந்தது. கல்லூரிக் கருவிகளை வேறு எந்த வேலைக்கும் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. அன்று ஒரு முறை மீறினேன். அவர் ஆடுகளைப் பார்த்துத் திரும்பி நின்ற நேரம்.

குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. அதற்காக நான் வெட்டவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடும்போது அவசரப்படவில்லை. சுண்ணாம்பு மண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும், எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போட்டேன். பலர் இதைச் செய்வதில்லை, எல்லாவற்றையும் கலந்துவிடுகிறார்கள். எவ்வளவு மிதித்தும் கொஞ்சம் உயர்ந்துதான் நின்றது. மூடினால் மேடு என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வரிசையில் அந்த இடத்தில் ஒரு கன்று பட்டுப்போயிருந்ததால், மாற்றுக் கன்று ஒன்றை அங்கே நட்டுவிட்டேன்.

ஆடுகள் தாமாக வீடு திரும்பின. விழுந்து கிடந்த சங்கையாவின் துண்டை மறுநாள் கன்று வரிசைக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை ஐயா. செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் உள்ளே போனவரைச் சாமி எடுத்துக்கொண்டது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரியும் வந்தார். கம்மாக்கரையிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

கருத்தம்மாள் தாலியைக் கழற்றவில்லை. சாமி கூட்டிக்கொண்டு போனதுதானே, செத்தா போனார் என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்லைச் சுற்றி ஊர் எழுப்பிய கோயிலுக்குப் பூசாரியாகவும் ஆகிவிட்டார். சங்கையாவின் ஆடுகளை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்றாக வெட்டி, முதல் கறியை எனக்குத்தான் கொடுத்தார். நான் மறுத்ததில்லை, மனம் புண்படும். தேர்வாளர்கள் வந்து பார்த்து அசந்துபோனார்கள். தின்றது போக மிச்சம் இருந்த கன்றுகளே போதுமாக இருந்தது. இவ்வளவு கட்டுப்பாடான ஜனங்களை எங்கும் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்டம் வந்தது, கல்லூரியிலேயே வேலையும் வந்தது. எல்லாருக்கும் நல்லபடியாகத்தான் முடிந்தது.

பிறகு ஏன் இப்போது வந்தேன் என்று கேட்கிறீர்கள். என் மாணவன் பொன்ராஜ் என்று ஒரு பையன், கெட்டிக்காரன். அதே நிலத்தில் எட்டு வருஷம் கழித்து மரங்கள் எப்படி இருக்கின்றன என்று ஆராய்கிறான். மற்ற மரங்கள் கூரை உயரம். அந்த ஒன்று மட்டும் கோபுரம் மாதிரி நிற்கிறது. அதையும் சேர்த்துச் சராசரி போட்டு, உவர் நிலத்தில் வேம்பு இவ்வளவு வளரும் என்று எழுதிவிட்டான். அச்சில் வந்தால் அதை நம்பி ஜில்லா முழுக்க நடுவார்கள். ஏழை சம்சாரிகள், ஐயா. அதை நீக்கு என்றேன். காரணம் இல்லாமல் ஒரு எண்ணை நீக்கக்கூடாது என்று நீங்கள்தானே சார் சொல்லிக்கொடுத்தீர்கள் என்கிறான். அவன் சொல்வது சரி. எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. காரணம் அடியில் இருக்கிறது. அதைச் சர்க்கார் தோண்டி எடுத்து எழுத்தில் கொடுத்தால் அவன் நீக்கிவிடுவான்.

போன வாரம் அங்கே போனபோது கருத்தம்மாள் அந்த மரத்தடியில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது.

"இந்த நெழலு மட்டும் தனிக் குளுமை தம்பி. அவுக பக்கத்துல இருக்குற மாதிரியே இருக்கு. எப்ப அனுப்புவாகன்னு சாமிகிட்ட நீங்கதான் ஒரு வார்த்தை கேக்கணும். நீங்க கேட்டா சொல்லும்."

கேட்கிறேன் அக்கா என்று சொன்னேன். அதற்கு மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அவரிடம் போய் நாங்கள் என்னய்யா சொல்வது என்கிறீர்கள். மரத்தை வெட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரமாகத் தோண்டினால் வேருக்குச் சேதம் வராது, நானே கூட வந்து காட்டுகிறேன். சராசரியில் சேர்க்கக்கூடாது, அவ்வளவுதான். மற்றபடி அது நல்ல மரம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.