திறக்காத கோப்பும் வாசிக்காத ஓலையும்

அவைக்கு நடுவே அமைதியாக அமர்ந்து, இரண்டு அணிகளின் இரைச்சலையும் இன்முகத்தோடு தாங்கிய தலைவர், வெள்ளவத்தைக் கணினிப் பயனர் வட்டத்தின் காவலர், பெருமதிப்பிற்குரிய பொன்னம்பலம் ஐயா அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளின் மடிக்கணினிகளை மடியில் வைத்துக் காவல் காக்கும் அன்புத் தாய்மார்களே! என் வலப்புறத்தில் விண்டோஸ் கொடியை விடாது பிடித்த வீரர்களே! என் இடப்புறத்தில் மெக் பெருமையை மெய்சிலிர்க்கப் பேசிய மேதைகளே! எந்த அணியும் தம்மை அழைக்கவில்லையே என்ற கோபத்தோடு கடைசி வரிசையில் தனித்திருக்கும் லினக்ஸ் அன்பரே! உங்கள் அனைவருக்கும் நடுவர் நாற்காலியிலிருந்து றேணுகாவின் வணக்கம்.

“தமிழர் இல்லத்திற்குத் தகுந்த கணினி விண்டோஸா, மெக்கா?” இதுதான் தலைப்பு. பேசினார்கள், பேசினார்கள், மின்விசிறி களைத்துப்போகும் வரை பேசினார்கள். ஒருவர் சொன்னார், விண்டோஸ் வெகுசனத்தின் சொத்து என்று. மற்றவர் சொன்னார், மெக் என்பது மேன்மையின் முத்திரை என்று. ஒருவர் விலையைச் சொன்னார், மற்றவர் கலையைச் சொன்னார். ஒருவர் வைரஸைக் காட்டிப் பயமுறுத்தினார், மற்றவர் திருத்தச் செலவைக் காட்டிப் பயமுறுத்தினார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். எனக்குக் கோபமும் வரவில்லை, குதூகலமும் வரவில்லை. கணினி விற்று எனக்குக் கமிஷன் கிடைப்பதில்லை.

என்ன ஐயா? உரக்கச் சொல்லுங்கள். “நீங்க என்ன மெஷின் பாவிக்கிறீங்க?” நல்ல கேள்வி. எது மேசையில் இருக்கிறதோ அதைத்தான் பாவிக்கிறேன். சிரிக்காதீர்கள், இந்த அரங்கில் அப்படிப்பட்டவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

என்னை ஏன் நடுவராக அழைத்தார்கள்? நான் பொறியியலாளர் அல்லள். கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவள். ஊரிலுள்ள எல்லாக் கணினிகளும் அனுப்பிய எல்லாக் கோப்புகளும் என் மேசைக்குத்தான் வரும். திறப்பதும் நான், திறக்காவிட்டால் திட்டு வாங்குவதும் நான். ஆகவே வாதங்களைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். “தாராளமாச் சொல்லுங்கோ அக்கா, நாலு பேர் திருந்தட்டும்” என்று அந்தக் கலியாணப் பெண்ணே சொல்லிவிட்டாள்.

எங்கள் வழக்கம் இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்திராது. கோயிலில் கலியாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசைகளில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் பெற்றோர் பெயரையும் சபை முன் வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். ஓலை வாசிக்காமல் தாலி இல்லை. நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கிவிட்டால், இயேசு உயிர்த்த பாஸ்காத் திருநாள் முடியும்வரை கலியாணமும் இல்லை.

மாப்பிள்ளை ஜெனிஸ்டன், கொட்டாஞ்சேனைப் பையன், கட்டாரில் வேலை. தவக்காலம் தொடங்கும் கிழமையோடு லீவு முடிகிறது. அடுத்த லீவு அடுத்த வருடம். பெண் றஷ்மி, குடும்பம் வத்தளையில் குடியிருந்தாலும் ஞானஸ்நானம் பெற்றது எங்கள் கோயிலில்தான். கலியாணம் முடித்து அவனோடு புறப்பட வேண்டுமென்று வேலையையும் விட்டுவிட்டாள். தவக்காலத்துக்கு முன் மிஞ்சியிருந்தது சரியாக மூன்று ஞாயிறு. ஒன்று தவறினால் ஒரு வருடம் தவறும். அந்தப் பிள்ளைக்கு வேலையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, மண்டபத்துக்குக் கட்டிய முற்பணமும் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடந்தது என்ன?

மாப்பிள்ளையின் தகப்பன் சவுந்தரநாயகம், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்டோஸைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். தமிழ் தட்டச்சு என்றால் அந்தப் பழைய எழுத்துருதான். உங்களில் பாதிப்பேர் இன்னும் அதில்தானே அடிக்கிறீர்கள்? தலையைக் குனியாதீர்கள், பார்த்துவிட்டேன். உங்கள் திரையில் அது செந்தமிழ். அந்த எழுத்துரு இல்லாத அடுத்த வீட்டில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். பெண்ணின் தகப்பன் சந்திரகுமார், கொள்ளுப்பிட்டியில் விளம்பர வடிவமைப்பாளர். மெக்கைப் பற்றிப் பேசினால் குரல் தழுதழுக்கும். நிச்சயதார்த்தத்தன்றே இருவரும் சாப்பாட்டு மேசையில் இன்று நீங்கள் நடத்திய விவாதத்தை நடத்தி முடித்துவிட்டார்கள். கேக் வெட்ட ஆள் தேட வேண்டியதாயிற்று.

என் அலுவலகத்துக் கணினியோ இரண்டு கட்சியிலும் இல்லை. யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய பெட்டி. இலவசமாகக் கிடைக்கிறதென்று எங்கள் சுவாமி, கோயிலின் குருவானவர், அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். கடைசி வரிசை அன்பரே, கையைத் தட்டுங்கள், உங்கள் நேரம் வந்துவிட்டது!

சனிக்கிழமை காலை சந்திரகுமார் ஓலை விபரத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மெக்கில் மட்டும் திறக்கும் கோப்பு. சுற்றிவர லில்லிப் பூவெல்லாம் வரைந்திருந்தாராம், நான் பார்க்கவில்லை, எனக்குத் திறக்கவேயில்லை. தொலைபேசியில் அழைத்தேன். “அங்கிள், பைல் திறக்குதில்ல. பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ.” அவர் சொன்னார், “பிள்ளை, பைல்ல ஒரு பிழையுமில்ல. உங்கட பெட்டிதான் பழசு. சுவாமிட்டச் சொல்லி நல்ல மெஷின் ஒண்டு வாங்குங்கோ.” சவுந்தரநாயகத்துக்கு விஷயம் எட்டியது. மனுஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! “நான் முதலே சொன்னனான்தானே? இப்ப பாருங்கோ நான் அனுப்புறன்” என்று அனுப்பினார். திறந்தது. திறந்து என்ன பயன்? திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும். மறுபடி அழைத்தேன். “அந்த எழுத்துருவை உங்கட மெஷின்ல ஏத்துங்கோ பிள்ளை, ரெண்டு நிமிச வேலை” என்றார். யுனிகோட்டில் அடித்துத் தரச் சொன்னேன். “முப்பது வருசமா இதிலதான் அடிக்கிறன். இப்ப ஆருக்காக மாத்தோணும்?” என்றார்.

என்ன தங்கச்சி? “வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருக்கலாமே? நீங்கள் கேட்டு எழுதியிருக்கலாமே?” அனுப்பியிருக்கலாம். இருவரிடமும் கேட்டேன். அனுப்பினால் மற்றவர் வென்றுவிடுவார் என்று இருவருமே நினைத்தார்கள். நான் கேட்டு எழுத முடியாது. எனக்கு முன் இருந்தவர் ஞாபகத்தில் எழுதி, மாப்பிள்ளையின் இடத்தில் மாப்பிள்ளையின் தம்பியை வைத்துவிட்டார். பூசையே நின்றுபோகும் அளவுக்குக் கலவரம். அன்றிலிருந்து வீட்டார் எழுத்தில் தந்ததைத்தான் வாசிக்க வேண்டும் என்பது சுவாமியின் கட்டளை. “பின்னேரம் அனுப்புறன்” என்றார் ஒருவர். “அவர் அனுப்பட்டும்” என்றார் மற்றவர். பின்னேரமும் போனது.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு குடும்பமும் முதல் வரிசைகளில். றஷ்மி மஞ்சள் சேலையில், பக்கத்தில் பெரியம்மா, சித்தி, ஒன்றுவிட்ட சகோதரிகள். அவள் பெயர் சபையில் வாசிக்கப்படுவதைக் கேட்பதற்கென்றே வத்தளையிலிருந்து வாடகைக்கு வான் பிடித்து வந்திருந்தார்கள். அறிவித்தல் தொடங்கியது. ஒரு சோடியின் பெயர் வாசித்தார்கள். இன்னொரு சோடியின் பெயர் வாசித்தார்கள். பிறகு மறைக்கல்வி வகுப்பு நேரம் வாசித்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்றோம். அவள் மட்டும் எழும்பவில்லை. பெரியம்மா தோளைத் தொட்ட பிறகுதான் எழும்பினாள். நான் பாடகர் குழுப் பக்கம் நின்றேன். அவள் பக்கம் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

கோயில் வாசலில் சம்பந்திகள் இருவரும் என்ன செய்தார்கள்? மன்னிப்புக் கேட்டார்களா? மகளைப் பார்த்தார்களா? மருமகளைத் தேற்றினார்களா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! “உங்கட பைல் திறக்கேல்ல!” “உங்கடது திறந்து என்ன, வாசிக்க ஏலுமே?” “மெக் எண்டா சும்மாவே?” “விண்டோஸ் இல்லாம உலகம் சுத்துமே?” மெழுகுதிரி விற்கிற அம்மா வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

ஒரு வழி மிஞ்சியிருந்தது. தகுந்த காரணம் இருந்தால் ஒரு ஓலைக்கு ஆயர், அதாவது சுவாமிமாருக்கெல்லாம் மேலானவர், விலக்கு அளிப்பார். பங்குச் சுவாமி காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். அன்று மத்தியானமே நால்வரும் என் மேசைக்கு முன் வந்து நின்றார்கள், இரு தகப்பன்மார், ஜெனிஸ்டன், றஷ்மி. சுவாமி பேனையை எடுத்தார். “காரணம் என்னெண்டு எழுத?”

சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார். “கொம்பியூட்டர் பிழை சுவாமி.”

“ஆருடைய கொம்பியூட்டர்?”

கேட்டிருக்கக் கூடாது. சபையோரே, சுவாமி அதை மட்டும் கேட்டிருக்கக் கூடாது! சுவாமியின் முன்னாலேயே, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்துக்குக் கீழேயே, இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். எழுத்துரு என்றார் ஒருவர், வடிவமைப்பு என்றார் மற்றவர். ஜெனிஸ்டன் “அப்பா, விடுங்கோவன்” என்று கெஞ்சினான். கேட்பார் இல்லை.

அப்போது றஷ்மி பேசினாள். சத்தம் போடவில்லை. “சுவாமி, காரணம் நான் சொல்றன். பெற்றோருக்குச் சம்மதமில்ல எண்டு எழுதுங்கோ.”

சண்டை அப்படியே நின்றது. சந்திரகுமார் மகள் பக்கம் திரும்பினார். “மகள், என்ன கதை இது? எனக்குப் பூரண சம்மதம்!” சவுந்தரநாயகம் பதறினார். “ஐயோ சுவாமி, எழுதிப்போடாதேங்கோ! இந்தப் பிள்ளையை மருமகளாக் கொண்டுவர நாங்க தவம் கிடக்கிறம்!”

அவள் கேட்டாள், “அப்பிடியெண்டா டடி, அதை ஏன் ரெண்டு பேரும் மற்றவங்களுக்கு வாசிக்கக் கூடிய மாதிரி எழுதித் தரேல்ல?”

அவ்வளவுதான். சந்திரகுமார் என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கையால் எழுதத் தொடங்கினார். சவுந்தரநாயகம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “கொஞ்சம் பெரிசா எழுதுங்கோ சம்பந்தி. வாசிக்கிறவர் கண்ணாடி மறந்து வந்தாலும் விளங்கோணும்.” சுவாமி விண்ணப்பத்தில் காரணத்தை இப்படி எழுதினார்: “குடும்பத் தலைவர்களின் கவனக்குறைவு.” இருவரும் அதன் கீழ் கையொப்பமிட்டார்கள். விலக்குக் கிடைத்தது. மிச்ச இரண்டு ஓலையும் அந்தத் தாளிலிருந்தே வாசிக்கப்பட்டன. கலியாணம் குறித்த நாளில் நடந்தது.

அன்பர்களே, இப்போது தீர்ப்பு. விண்டோஸ் நல்லதா? நல்லதுதான். மெக் நல்லதா? அதுவும் நல்லதுதான். லினக்ஸ் நல்லதா? எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது, நல்லதென்றே சொல்வேன். ஆனால் இரண்டு அணியிலும் எட்டுப் பேர் பேசினீர்கள். என் கணினி எனக்கு என்ன செய்கிறது என்று எட்டுப் பேரும் சொன்னீர்கள். நான் அனுப்பியது மற்றவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஒருவராவது கேட்டீர்களா? அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் உங்கள் கடமை முடிந்துவிட்டதா? முடியவில்லை! பெறுகிறவர் திறக்கும் வரை முடியவில்லை! திறந்தவர் வாசிக்கும் வரை முடியவில்லை! வாசித்தவருக்கு விளங்கும் வரை முடியவே முடியவில்லை! உங்கள் இயந்திரத்தின் மீது உங்களுக்குப் பற்று இருக்கட்டும், பக்தியே இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அந்தப் பக்திக்காக அடுத்தவன் வாசலில் ஒரு பிள்ளையின் பெயர் வாசிக்கப்படாமல் கிடக்கக் கூடாது. அதனால் இன்றைய விவாதத்தில் இரண்டு அணியும் தோற்றன என்று தீர்ப்பளிக்கிறேன்.

கூச்சலிடாதீர்கள், தேநீர் தோற்றவர்களுக்கும் உண்டு. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக யாருக்கு எதை அனுப்பினீர்களோ, அவரை அழைத்துக் கேளுங்கள், “அது உங்களுக்குத் திறந்ததா?” இல்லை என்றால், அவரிடம் எது இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி மறுபடி அனுப்புங்கள். அதில் உங்கள் கொடி ஒன்றும் சரிந்துவிடாது.

பொறுமையோடு கேட்டிருந்த உங்களுக்கும், மணியை அடிக்காமல் எனக்கு மேலதிக நேரம் தந்த தலைவர் ஐயாவுக்கும், தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கும் இரு அணியினருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, எல்லோரும் சுகமாய் வீடு சேர வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.