சூவேரே ஊர்ப் புளிமா

"படு! படு! பள்ளத்துல படு!"

அப்பா கத்துகிறார். விமானம் தாழ வருகிறது. தடதடவென்று சுடுகிறது. போருக்குத் தப்பிக் கடலுக்குப் போகும் சாலை. செப்டம்பர், 1944. எனக்கு ஒன்பது வயது. எஸ்டோனியாவில் எங்கள் ஊர் சூவேரே. பன்னிரண்டே வீடு. பின்னால் எரிகிறது.

அம்மா பாய்ந்து படுக்கிறாள். என் மேல் இல்லை. தம்பி மார்ட் மேலும் இல்லை. ரொட்டி மாவு பிசையும் மரத்தொட்டி மேல்.

எங்கள் ஊரில் அந்தத் தொட்டியைக் கழுவ மாட்டார்கள். சுரண்டுவார்கள், அவ்வளவுதான். ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த மாவுதான் அடுத்த கறுப்பு ரொட்டியைப் புளிக்க வைக்கும் புளிமா. ஒரு வீட்டில் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். ஊர் முழுக்க ஒரே புளிப்பு. ஊரில் மிஞ்சப்போவது அது ஒன்றுதான் என்று அம்மா நினைத்திருப்பாள். நான் அவளை மன்னிக்கவில்லை.

விமானம் போனது. மார்ட் எழுந்திருக்கவில்லை. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு நின்றார். விமானம் திரும்பி வந்தது. அப்பாவும் விழுந்தார்.

அம்மாவும் நானும் தொட்டியும் படகேறினோம்.

அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி, 1996. அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். வாராவாரம் அதே தொட்டியில் ரொட்டி பிசைகிறேன். அவளைத் திட்டிக்கொண்டேதான். வேறு எதில் இருக்கிறது என் ஊர்? எஸ்டோனியாவா, அது எங்கே என்றுதான் இங்கே கேட்கிறார்கள்.

மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுச் சாவி மாடிவீட்டு லதாவிடம். சென்னைப் பெண். புருஷனுக்கு மன்ஹாட்டனில் கம்ப்யூட்டர் வேலை. நல்லவள். கேட்காமலே உதவுகிற ரகம்.

திரும்பி வந்தேன். வீடு பளபளத்தது. தொட்டி வெளுத்துக் கிடந்தது. சோப்பு வாசனை.

"ஆன்ட்டி, ஃபுல்லா ஃபங்கஸ் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ப்ளீச் போட்டு நல்லா ஸ்க்ரப் பண்ணிட்டேன்!"

கத்தினேன். எந்த மொழியில் என்று தெரியவில்லை. வாராவாரம் இட்லிக்கு மாவு புளிக்க வைக்கிறவள். அவளுக்குமா தெரியாது? ஒருவழியாக விஷயம் புரிந்ததும் அழுதாள். மாடிக்கு ஓடினாள். கையில் கிண்ணத்தோடு வந்தாள்.

"எங்க மாவுல கொஞ்சம் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா, ஆன்ட்டி?"

முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

இழந்ததைச் சொல்கிறேன், மறக்காதீர்கள். அப்பா. தம்பி மார்ட், ஆறு வயது. பன்னிரண்டு வீடு. அவிழ்த்துவிட மறந்த ஒரு பசு. கடைசியாக, சூவேரே ஊர்ப் புளிமா.

மார்ட்டை விட்டுவிட்டு அம்மா காப்பாற்றியது அதைத்தான்.