இரண்டாம் மாலை யாருக்கு என்று சொன்னவருக்கு

கல்லெழுத்தைக் கண்ணெனக் காத்தவரே! ஏட்டெழுத்தில் எள்ளளவும் பிசகாதவரே! அன்னையின் ஆலயத்துக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் அலுவலகமும் ஆவணமுமாய் நின்ற அருமைத் தலைமை எழுத்தரே! முகத்துக்கு நேரே ‘ஐயா’ என்றும் முதுகுக்குப் பின்னே ‘கல்வெட்டு’ என்றும் எங்களால் அழைக்கப்பட்ட பெருமகனே! வணக்கம்.

தங்கள் பணி நிறைவு விழாவில் வாசிக்க எழுதிய மடல் இது. இதற்கு முன் ஒன்று எழுதினோம். அதற்கு நேர்ந்த கதி தங்களுக்குத் தெரியும். வந்திருக்கும் உறவினர்க்கும் அன்பர்க்கும் தெரியாது. “சபையிலேயே சொல்லுங்க, மறைக்காதீங்க” என்று தாங்களே சொன்னதால் சொல்கிறோம்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரசி ஒருத்தி எழுப்பிய கருவறை நம்முடையது. ஆள்பவரும் அடியவரும் ஒருபோலக் குனிந்தே நுழைய வேண்டும் என்று வாசலைத் தாழ்த்தி வைத்தவள் அவள். விடியலில் அன்னையின் திரையை விலக்குவது ஒரு பெண்ணின் கையாகவே இருக்க வேண்டும் என்று கல்லில் வெட்டுவித்தவளும் அவளே. இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது தங்களால். மேற்கூரைக் கல்வெட்டைப் படிக்கச் சாரத்தின்மேல் மல்லாந்து படுத்து, வௌவால் எச்சம் முகத்தில் விழ விழ, பதினேழு நாள் படியெடுத்தவரல்லவா தாங்கள்! குளத்தடியில் பொற்குடம் புதைந்திருப்பதாக ஊரே சொன்ன கதையை, “கல்லில் இல்லாதது நூலில் ஏறாது” என்று தலவரலாற்றிலிருந்து தயவு தாட்சண்யமின்றித் துரத்தினீர்கள். அறங்காவலரே வந்து கெஞ்சியும் மசியவில்லை.

அத்தகைய தங்களைப் பாராட்டப் புகுந்த நாங்கள் ஒரு காரியம் செய்தோம். இந்த அலுவலகத்திலிருந்து எந்தக் காகிதமும் தங்கள் சிவப்பு மை படாமல் வெளியே போனதில்லை. பழக்கதோஷத்தில், தங்களைப் பாராட்டும் மடலையே தங்களிடம் பிழை திருத்தக் கொடுத்துவிட்டோம்! வேறெந்த அலுவலகமும் இப்படி ஒரு கூத்தை நடத்தியிருக்காது. தாங்களும் கூச்சமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, ‘வள்ளலே’ என்பதை அடித்துவிட்டு ‘சிக்கனக்காரரே’ என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தோம். நான்காம் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு சொல். வடக்குச் சுவரில் சிலையில்லாத மாடம் ஒன்று உண்டு. நாள்தோறும் அன்னைக்கு ஒரு மாலை, அந்த வெற்று மாடத்துக்கு ஒரு மாலை. அன்னையின் தங்கை கோபித்துக்கொண்டு போய்விட்டாள், ஒருநாள் திரும்பி வருவாள், அவளுக்காகவே இரண்டாம் மாலை என்பது ஐதிகம். வீட்டை விட்டுப் போனவர்களையும் பேச்சை முறித்துக்கொண்டவர்களையும் எண்ணி வருகிறவர்கள், அன்னையின் முன் நிற்பதைவிட அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். ‘தொன்மை மிக்க இவ்வழக்கத்தைத் தூணெனத் தாங்கியவரே!’ என்று நாங்கள் உருகியிருந்த இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், ‘உண்மையன்று. நீக்குக.’

“என்னங்கய்யா, ஒற்று கிற்று விட்டுப்போச்சா?” என்று தட்டச்சர் அம்மா கேட்டார்.

“ஒற்றெல்லாம் சரியா இருக்கும்மா. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அது நான் பண்ணின தப்பு.”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது! வேலையில் சேர்ந்த முதல் நாள், பூக்காரருக்கு அனுப்பும் சீட்டில் ‘மாலை ஒன்று’ என்று எழுத வேண்டியவர் ‘இரண்டு’ என்று எழுதிவிட்டீர்களாம். இரண்டும் வந்து இறங்கிவிட்டன. முதல் நாளே திட்டு வாங்கப் பயந்து, மிஞ்சியதைக் கண்ணில் பட்ட காலி மாடத்தில் மாட்டினீர்களாம். சுற்றிவந்த நிர்வாக அலுவலர், “இது யாருக்குய்யா?” என்றார். “அம்மனோட தங்கச்சிக்கு சார், பழைய வழக்கம்” என்று தங்கள் வாயில் வந்துவிட்டது. அவர், செருப்போடு நிற்கிறோமோ என்று தம் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, கைகூப்பி, “அப்போ நாளைக்கும் போடுங்க” என்று போய்விட்டார். அவ்வளவுதான் ஐயா அந்த ஐதிகம்!

அர்ச்சகர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என் பொண்ணுக்கு அந்த மாடத்து முன்னாலதானே பேரு வச்சேன்!” என்று அன்று மாலைவரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, இந்த ஒன்றுக்கு மட்டும் கல்லெங்கே என்று. தங்களைக் குறை சொல்லுமுன் எங்கள் தலையில் நாங்களே குட்டிக்கொண்டோம்.

“இத்தனை வருஷம் வாயத் திறக்கல, இப்போ எதுக்குங்கய்யா?” என்று காவலர் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதில் எங்களை இன்னும் தூங்கவிடவில்லை. “நான் போயிட்டா இதைச் சொல்ல ஆளே இல்லப்பா. அப்புறம் இது நெஜமாவே பழைய வழக்கம் ஆயிடும்.”

ஆனால் அந்த அறையில் பூக்கட்டும் அக்காவும் இருந்தார். பதினோரு ஆண்டுகளாக இரண்டு மாலையையும் கட்டுபவர் அவர். அதே பதினோரு ஆண்டுகளாக, அம்மாவின் வீட்டைப் பற்றிய சண்டையில் பிரிந்த சொந்தத் தங்கை அவரிடம் பேசவில்லை. முதல் மாலையைவிட இரண்டாவதை அவர் ஏன் நெருக்கமாகக் கட்டுகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். “அப்போ நான் இத்தன நாளா சுவத்துக்கா பூ கட்டினேன்?” என்றார். தாங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

மறுநாள் ஒரே ஒரு மாலைதான் வந்தது. மாடம் வெறுமையாய் நின்றது. இரண்டு பேருந்து மாறி வந்த பெரியவர் ஒருவர் மாலை எங்கே என்று கேட்க, காவலர் திருதிருவென விழித்து, “சுவரு கழுவுறாங்கய்யா” என்றார். அதற்கடுத்த நாள் வேறொருவரிடம் அர்ச்சகரே, “மாலை பின்னால வரும்” என்றார். பயம் ஒரு மனிதரை என்ன சொல்ல வைக்கும் என்பதை நாங்கள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டோம். தங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

மீதிப் பாதியைக் கரைத்தவர் அக்காதான். இந்த மடலில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், நேற்றுக் காலை அலுவலகத்துக்குள் விறுவிறுவென்று வந்தார்.

“அந்த மாடத்து முன்னால அழுதவங்க யாரும் பொய்யா அழல. நான் மாலை கட்டுறேன். ஆனா வர்றவங்ககிட்ட உண்மையச் சொல்லணும். அதை நீங்க யாரும் சொல்ல வேணாம். அவரே வந்து நின்னு சொல்லட்டும். கேட்டுட்டு வேணும்னா நிக்கட்டும், வேணாம்னா போகட்டும். இதுக்குச் சம்மதம்னா பேனாவைக் குடுங்க.”

பேனாவைக் கொடுத்துவிட்டோம் ஐயா! தங்களைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டோம். தலவரலாற்றின் புதிய பதிப்பில், ‘இரண்டாம் மாலை: முப்பத்து நான்கு ஆண்டு வழக்கம், ஓர் எழுத்தரின் தவறால் தொடங்கியது, தவறென்று தெரிந்த பின்னும் தொடர்வது’ என்று அச்சுக்கு அனுப்பியாயிற்று. தங்கள் சிவப்பு மை படாமல் இந்த அலுவலகத்திலிருந்து போன முதல் காகிதம் அது. இரண்டாவது, தாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த மடல். பிழையிருந்தால் பொறுத்தருள்க.

ஓய்வு என்று நம்பிச் சால்வையும் சாய்வு நாற்காலியும் பெற்றுக்கொண்ட சத்தியவானே! நாற்காலியை இல்லத்தார் வைத்துக்கொள்ளட்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு வடக்குச் சுவரருகே தங்களை எதிர்பார்க்கிறோம். இந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த மாடத்தின் முன் கண்ணீரோடு நின்று போனவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்களில் கடைசி ஒருவர் திரும்பி வந்து, தங்கள் வாயால் உண்மையைக் கேட்டுச் செல்லும் நாள்வரை, காலில் வலியின்றி, கண்ணில் மறைப்பின்றி, நாவில் நடுக்கமின்றித் தாங்கள் நலமோடு வாழ வேண்டும்; அதற்கு அன்னை எத்தனை ஆண்டுகள் தந்தாலும் தகும்!

இங்ஙனம்,
அன்னை ஆலயப் பணியாளர்கள்
(முதல் கையெழுத்து: பூக்கட்டும் அக்கா)